முதல் பன்னிரண்டு வாரங்கள்: உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோருக்கு

பள்ளிப் பருவத்துக்குப் பிறகு விளையாட்டுத் திடல் பக்கமே போகாத நான், 42ஆம் வயதில் உடற்பயிற்சியைத் தொடங்கியபோது, முதல் நாளே ஓட்டமும் நடையுமாக 5 கிலோமீட்டர் போய்வந்தேன். உடல் ஒத்துழைத்தது, மறுநாளும் போனேன். மூன்றாவது வாரத்தில் மூச்சு வாங்குவது வெகுவாகக் குறைந்துவிட்டதால் தூரத்தை 7 கிலோமீட்டராக்கினேன். அடுத்த வாரம் ஒரு நாள் காலை, கட்டிலிலிருந்து இறங்கி வலக்காலைத் தரையில் ஊன்றியபோது குதிகாலில் ஆணி இறங்கியது போல் வலித்தது. பத்தடி நடந்ததும் வலி அடங்கிவிட்டது என்பதால் அன்றும் ஓடினேன். அந்தக் குதிகால் வலி முழுதாக விடுவதற்கு ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களும் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை.

அந்த வலிக்கான காரணம் இப்போது எனக்கு விளங்குகிறது. பயிற்சியைத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் புதிய வேலைக்குப் பழகிக்கொள்கின்றன. தசைகள் வலுப்பெற அதைவிடச் சற்றுக் கூடுதலாக நாளாகிறது. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும், உள்ளங்காலின் வளைவைத் தாங்கும் தடித்த சவ்வும் ரத்த ஓட்டம் குறைந்த திசுக்கள் என்பதால், அவை உறுதிப்படப் பல மாதங்கள் பிடிக்கின்றன. ஆகவே மூன்றாவது வாரத்தில் மூச்சு ஒன்றைச் சொல்கிறது, குதிகால் வேறொன்றைச் சொல்கிறது. மூச்சின் பேச்சை மட்டும் கேட்டு அளவைக் கூட்டுகிறவருக்கு முழங்காலிலோ கணுக்காலிலோ குதிகாலிலோ வலி பிடித்துக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் முதல் பன்னிரண்டு வாரங்களில் கடைப்பிடிக்க வேண்டிய முறை, தன்னால் முடிந்ததில் பாதியை மட்டும் செய்துவிட்டு வீடு திரும்புவதுதான். கீழே சொல்பவை அனைத்தும் அதன் விரிவே.

தொடங்கும் முன்

நலமாக இருக்கும் ஒருவர் நிதானமான நடையைத் தொடங்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இதய நோய், சிறுநீரக நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவர்களும், மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்த அனுபவம் உள்ளவர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டு செய்திகளை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் திறன் பெறுகிறது. சாப்பிட்ட பின் பத்து பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை அளவு குறைவாக ஏறுவதற்கு அதுவே காரணம். அதே காரணத்தால், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போதோ அதன் பிறகோ சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம். அவர்கள் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. சட்டைப்பையில் குளுக்கோஸோ நான்கைந்து சர்க்கரை மிட்டாய்களோ வைத்துக்கொண்டு, கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு தோன்றியவுடன் உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். இரண்டாவது செய்தி பாதத்தைப் பற்றியது. பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதையில் வெறுங்காலோடு நடப்பது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு அது ஆபத்தானது, ஏனெனில் கல் கிழித்தது அவர்களுக்குத் தெரியாது, அந்தச் சிறு காயம் ஆறாத புண்ணாக மாறிவிடக்கூடும். அவர்கள் எப்போதும் காலணியோடு நடக்க வேண்டும்; வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் விரலிடுக்கு உட்பட வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

ஷூ விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, நீங்கள் போடவிருக்கும் காலுறையோடு போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்கும்படி வாங்கினால் போதும்.

தொடங்கும் வாரத்தில் ஓர் அளவீட்டை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி, அந்த எண்ணைத் தேதியோடு எழுதிவையுங்கள். எடை இயந்திரம் காட்டும் எண்ணைவிட இந்த எண் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

நடையில் தொடங்குவது

முதல் இரண்டு வாரங்களுக்கு நாளொன்றுக்குப் 10 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். வீட்டு வாசலிலிருந்து ஐந்து நிமிடம் போய், ஐந்து நிமிடத்தில் திரும்பினால் அன்றைய பயிற்சி முடிந்தது. இது போதாது என்று உங்களுக்குத் தோன்றும், தோன்றத்தான் வேண்டும். இந்த இரண்டு வாரங்களில் நாம் பயிற்றுவிப்பது கால்களை மட்டுமன்று, அந்த நேரத்தில் வாசலைத் தாண்டி வெளியேறும் வழக்கத்தையும் சேர்த்துத்தான். அதனால் கடிகார நேரத்தைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு நடையைச் சேர்த்துக் கட்டுவது நல்லது: காலைக் காபி குடித்துத் தம்ளரைக் கழுவி வைத்ததும், பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டதும், இரவு உணவு முடிந்து அடுக்களையை ஒழித்ததும் என்று உங்கள் வீட்டுக்கு எது பொருந்துகிறதோ அது.

மூன்றாம், நான்காம் வாரங்களில் 15 நிமிடம். அடுத்த இரண்டு வாரங்களில் 20. ஏழாம், எட்டாம் வாரங்களில் 25. ஒன்பதாவது வாரத்திலிருந்து 30 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள் 30 நிமிடம் என்றால் 150 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் என்று சொல்லப்பட்டிருப்பதன் கீழ் எல்லை அது. ஒரே தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது இயங்கினால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு இருந்த நிபந்தனையும் அந்த வழிகாட்டுதலில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காதவர் காலையில் பத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து, இரவில் பத்து என்று பிரித்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிப் பயணச்சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது என்று ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் குழுவினரோடு 1953இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையின் தொடக்ககால ஆய்வுகளில் முக்கியமானது. அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்து அந்தப் படிகளில் ஏறவில்லை.

எவ்வளவு வேகமாக நடப்பது என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். முதல் மூன்று நிமிடமும் கடைசி மூன்று நிமிடமும் சாவகாசமாக நடப்பதே தொடக்கத்துக்கான தயாரிப்பாகவும் முடிவுக்கான தணிப்பாகவும் அமைந்துவிடும்.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற எண் பலரை மலைக்க வைக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் நடைப்பயிற்சியில் ஆர்வம் பெருகிய காலத்தில், ஒரு நிறுவனம் 1965இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. அந்த எண் பரவியது அப்படித்தான். இப்போது நீங்கள் நாளுக்கு மூவாயிரம் அடி நடக்கிறீர்கள் என்றால் நாலாயிரத்து ஐந்நூறு நடப்பதே உங்களுக்குரிய முன்னேற்றம். எட்டு வடிவில் கோடு போட்டு நடப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். இடமில்லாத வீட்டு மாடியில் அது நல்ல ஏற்பாடு; ஆனால் நேராக நடப்பதில் கிடைக்காத தனிப்பட்ட பலன் அதில் உண்டு என்று எண்ணிக்கொண்டு தலைசுற்றும் வரை சுற்ற வேண்டியதில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அது இருந்தால், கூட்டத்தோடு நடக்கும் பாதுகாப்புக்காகவே போகலாம், குறிப்பாக இருட்டில் தனியே நடக்கத் தயங்கும் பெண்கள். ஆனால் முதல் மாதத்தில் 8 கிலோமீட்டரையும் முடித்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நம் ஊர் வெயிலை எந்தத் திட்டமும் கணக்கில் எடுத்தாக வேண்டும். வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். மார்ச் முதல் ஜூன் வரை தொடங்குபவர் காலை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும், அல்லது பொழுது சாய்ந்த பிறகு போக வேண்டும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், உடல் குளிராது. அங்கே வெப்பமானி காட்டுவதைவிட உடல் படும் பாடு அதிகம். தலைவலி, குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது ஆகியவை உடனே நிழலுக்குப் போக வேண்டிய அறிகுறிகள். மழை மாதங்களுக்கு மாற்றிடத்தை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்: அடுக்குமாடியின் தாழ்வாரம், கீழ்த்தள வாகன நிறுத்தம், கூடத்தில் நின்ற இடத்திலேயே நடை, எதுவானாலும் சரி. அக்டோபரில் முதல் மழை பெய்யும் அன்று யோசிக்கத் தொடங்கினால் அந்த மாதமே போய்விடும்.

தசைக்கான பயிற்சி

காலையில் நம் பூங்காக்களில் நடப்பவர்களுள் பலர் நடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தரும் செய்தி. முப்பதுகளுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் கரையத் தொடங்குகிறது, அறுபதுக்குப் பிறகு அது விரைவுபடுகிறது. தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் போவதும், குளியலறையில் கால் இடறினால் சமாளிக்க முடியாமல் விழுவதும் பெரும்பாலும் தொடையிலும் இடுப்பிலும் வலு குறைந்ததன் விளைவு. நடை இதயத்துக்குச் செய்வதைத் தசைக்கு அந்த அளவில் செய்வதில்லை. மேலே சொன்ன வழிகாட்டுதலும் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து, வாரத்தில் இரண்டு நாள், இடையில் இரண்டு நாளாவது இடைவெளி விட்டு, செவ்வாயும் வெள்ளியும் என்பது போல் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து அசைவுகள் போதும்; இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதலாவது நாற்காலியிலிருந்து எழுவது. இதை மட்டும் அங்குலம் அங்குலமாகச் சொல்கிறேன். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிப் பின்னால் போகும், ஆகவே அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பளவு அகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி ஊன்றுங்கள். மார்பு தொடையை நோக்கிச் சாயும்படி முன்னால் குனிந்து, பாதம் முழுவதையும் தரையில் அழுத்தி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுங்கள். முழங்கால்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சரியாமல், கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனதுக்குள் மூன்று வரை எண்ணிக்கொண்டே இறங்குங்கள். வலு சேர்வதில் இந்த இறக்கத்துக்கும் நல்ல பங்கு இருக்கிறது. எட்டு முறை, ஒன்றரை நிமிட ஓய்வு, மீண்டும் எட்டு முறை. 68 வயதான என் மாமனார் தொடங்கியபோது கையை ஊன்றாமல் அவரால் ஒருமுறைகூட எழ முடியவில்லை. இருக்கையில் இரண்டு தலையணைகளை வைத்து உயரத்தைக் கூட்டினோம். மூன்று வாரம் கழித்து ஒரு தலையணையை எடுத்தோம். ஏழாவது வாரத்தில் இரண்டாவதையும் எடுத்தோம். பத்தாவது வாரத்தில் அவர் பேருந்து இருக்கையிலிருந்து முன்கம்பியைப் பிடிக்காமல் எழுந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

இரண்டாவது தண்டால், ஆனால் சுவரில். ஒரு கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக விலகி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாகச் சுவரில் பதித்து, தலை முதல் குதிகால் வரை பலகை போல் நேராக வைத்துக்கொண்டு மார்பைச் சுவருக்கு அருகே கொண்டுபோய்த் தள்ளி வாருங்கள். பன்னிரண்டு முறை எளிதானதும் சமையல் மேடையின் விளிம்பில் கை ஊன்றுங்கள், அதன் பிறகு அசையாத பெஞ்சில், பிறகு தரையில். மல்லர்களின் கோதாக்களில் தண்டாலும் பஸ்கியும் நூற்றுக்கணக்கில் எடுத்த மரபு நமக்கு உண்டு என்பதற்காக முதல் நாளே தரைக்குப் போக வேண்டாம்; அவர்களும் ஆண்டுக்கணக்கில் பழகித்தான் அந்த எண்ணிக்கைக்கு வந்தார்கள்.

மூன்றாவது இழுக்கும் அசைவு. துணிப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்து, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் பையைத் தரையிலிருந்து விலாவரை இழுத்து மெதுவாக இறக்குங்கள், பக்கத்துக்குப் பத்து. நாள் முழுதும் கணினியின் முன் கூனி உட்காருபவர்களுக்கு இது மிகவும் தேவை. நான்காவது, பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கி இரண்டு விநாடி நிறுத்தி இறக்குவது. ஐந்தாவது, சுவரைத் தொட்டுக்கொண்டு நின்று இரண்டு குதிகால்களையும் உயர்த்தி மெதுவாக இறக்குவது. கெண்டைக்காலையும் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணையும் இது உறுதிப்படுத்துகிறது. என் குதிகால் குணமான பிறகு நான் ஒரு வாரமும் தவறவிடாத பயிற்சி இதுதான்.

எந்த அசைவிலும் இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். முயற்சி எடுக்கும் கணத்தில் மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும், ஆகவே தூக்கும்போது மூச்சை விடுங்கள். இரண்டு சுற்றும் சிரமமில்லாமல் பன்னிரண்டு முறை வந்த பிறகே எடையையோ கடினத்தையோ கூட்டுங்கள்.

வலியைப் பிரித்தறிவது

தசைப் பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் கையும் கனத்து, தொட்டால் வலிப்பது இயல்பு. மூன்று நாளில் அது தானே போய்விடும். இரு பக்கமும் ஒரேபோல் பரவலாக இருக்கும் இந்த வலிக்காக நடையை நிறுத்த வேண்டாம், மெதுவாக நடந்தால் அது இளகும். ஒரே பக்கத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி, மூட்டிலோ மூட்டை ஒட்டியோ வரும் வலி வேறு வகை. நடையை நொண்ட வைக்கும் வலி, வீக்கம், காலையில் முதல் அடியில் குத்தி நாளுக்கு நாள் கூடும் குதிகால் வலி ஆகியவை வந்தால் அளவைப் பாதியாக்குங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். பத்தடி நடந்ததும் வலி குறைகிறது என்பதை, என்னைப் போல், அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நடுநெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால் வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே நூறு, இருநூறு பஸ்கி எடுக்க வைக்கும் பயிற்சியாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழக்கமில்லாத தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால், அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால் அது மருத்துவமனைக்கு விரைய வேண்டிய நிலை. என்னோடு பணியாற்றிய இளைஞர் ஒருவர் இப்படி நான்கு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தார். முதல் நாளில் உங்கள் உடல்நிலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத பயிற்சியாளரிடம் சேர வேண்டாம்.

உணவும் எடையும்

எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் சுமார் 120 முதல் 150 கலோரி செலவாகும். வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் சாப்பிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும். அதனால் எடைக் குறைப்பை மட்டுமே எதிர்பார்த்து நடப்பவர் ஒரு மாதத்தில் மனம் சோர்ந்துபோகிறார். தூக்கம் சீரடைவது, மாடிப்படி எளிதாவது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மெல்ல இறங்குவது ஆகிய பலன்கள் எடை குறையாவிட்டாலும் கிடைக்கும். தசை வளரப் புரதம் வேண்டும்: உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் என்பது பெரியவர்களுக்கான அடிப்படை அளவு. நம் சாப்பாட்டில் சோறு கூடிப் பருப்பு குறைந்திருப்பதால், வேளைக்கு ஒரு புரத உணவு என்று முட்டை, சுண்டல், மீன், தயிர், கெட்டிப்பருப்பு ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடங்குபவருக்குப் புரதப் பொடி தேவையில்லை.

விட்டுப்போகும் நாட்கள்

திருமணம், பிரயாணம், காய்ச்சல், தேர்வு என்று நாட்கள் விட்டுப்போகத்தான் செய்யும். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2009இல் வெளியான ஆய்வொன்றில், புதிய செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஆகவே விட்டுப்போன நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். மறுநாளுக்குரியதை மட்டும் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் இரண்டு வாரத்துக்கு முந்தைய அளவிலிருந்து தொடருங்கள். காய்ச்சல் இருக்கும்போது எந்தப் பயிற்சியும் கூடாது. விட்ட பிறகு இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பாதி அளவில் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே அன்றன்று நடந்த நிமிடத்தையும் எழுதுகிறோம். அடுக்களைக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் படுவதால், காலியாக இருக்கும் மூன்றாவது கட்டத்தை யாராவது ஒருவர் கவனித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

பன்னிரண்டாவது வாரம் முடிந்ததும் அதே நாற்காலியில் அதே 30 விநாடி அளவீட்டை மறுபடி எடுத்து, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அதன் பிறகு ஓட விரும்புபவர், வாரத்தின் ஐந்து நடைகளில் மூன்றை மட்டும், ஒன்றுவிட்டு ஒரு நாளாக மாற்றிக்கொள்ளலாம்: ஐந்து நிமிடம் நடந்து, ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆறு முறை. இரண்டு வாரங்கள் காலையில் முதல் அடியில் குதிகால் எதுவும் சொல்லவில்லை என்றால், ஓட்டத்தை ஒன்றரை நிமிடமாக்குங்கள்.